நம்ப முடியாத காட்சி

ஜனவரி 17

பொங்கல் முடிந்துவிட்டது. புதிய டைரியை இன்றுதான் பிரித்தேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் குறிப்பில் நடப்பு நிலவரத்தை எழுதி வைப்பது என் வழக்கம். சோதனையைத் தொடங்கும் முன் தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள் என்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்களை விரட்டியவன், எனக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொள்ள முடியாது.

உடல் பரவாயில்லை. இடது காதில் இரைச்சல் தொடர்கிறது. மகன் அருளும் மருமகள் சுகந்தியும் மாடியில், நான் கீழே. மனைவி பாக்கியம் இறந்த பிறகு செய்துகொண்ட இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. வேதியியலில் இப்போது யாரும் என்னிடம் சந்தேகம் கேட்பதில்லை. ‘எதிர்வீடு’ நாடகக் குழுவின் தயாரிப்பு வேலைகளை இந்த ஆண்டும் நானே பார்க்கிறேன். அழைப்பிதழில் ‘தயாரிப்பு: பேராசிரியர் சென்னியப்பன்’ என்று போடுகிறார்கள். மண்டபம் பிடிப்பது, காவல் நிலையத்தில் கடிதம் கொடுப்பது, நாற்காலி, மைக், டீ. இவற்றுக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை.

குழுவை நடத்துபவர் கோகிலவாணி அம்மையார். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதிலேயே கணவரை விட்டு வந்து, ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். எழுதுவதும் இயக்குவதும் அவரே. பல நாடகங்களில் நடிப்பதும் உண்டு. மனைவியின் செல்போனைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் கணவன், வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் இரண்டு பெண்கள், சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் என்று இப்படிப்பட்ட விஷயங்களைத்தான் எழுதுவார். அந்தச் சாதி நாடகத்தின்போது மண்டபக்காரர் கடைசி நேரத்தில் சாவி தர மறுத்துவிட்டார். ஒத்திவைக்கலாம் என்றேன். அம்மையார் மண்டபத்து வாசலில், தெருவிலேயே நடத்தினார். தூறல் வேறு. நான் மைக்கின் மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதைவிட விரிவாக எழுதத் தேவையில்லை.

ஜனவரி 18

அம்மையார் வந்தார். புதிய நாடகத்தின் பிரதியை மேசைமேல் வைத்தார்.

“படிச்சுப் பாருங்க சார். உங்க பென்சிலுக்கு நிறைய வேலை இருக்கும்னு நினைக்கிறேன்.”

இந்தப் பென்சில் கதையை எங்கும் எழுதி வைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் முதலில் பார்வையாளனாகத்தான் போனேன். அன்றைய நாடகத்தில் கதாநாயகி அமிலத்தைக் குடித்துவிட்டு நீண்ட வசனம் பேசினாள். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் மேடை விளிம்பில் உட்கார்ந்து பார்வையாளரோடு பேசுவது இந்தக் குழுவின் வழக்கம். நான் கை தூக்கினேன். எப்படித் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த அமிலம் தொண்டையை என்ன செய்யும் என்று விளக்கி, அந்தப் பெண்ணால் ஒரு சொல்கூடப் பேச முடியாது என்றேன். கூட்டம் சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. மறுவாரம் அடுத்த நாடகத்தின் பிரதியோடு வீட்டுக்கு வந்தார். நம்ப முடியாத இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், காரணம் எழுத வேண்டாம், நானும் கேட்க மாட்டேன் என்றார். அன்று முதல் இதுதான் ஏற்பாடு. நான் கோடு போட்ட இடத்தை அவர் வாதாடாமல் நீக்கிவிடுவார். ஒரு கோட்டைக்கூட இதுவரை மறுத்ததில்லை.

காப்பி குடித்துக்கொண்டே மகளைப் பற்றிச் சொன்னார்: “அகிலா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா சார். மெல்போர்ன் வந்து எங்ககூடவே இருந்துக்கோன்னு. சித்திரைக்குள்ள முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“நல்லதுதானுங்களே,” என்றேன்.

“நல்லதுதான். பேத்தியும் இருக்கா. ஆனா போனா போனதுதான், வீட்டைக் குடுத்துட்டுத்தான் போகோணும். இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் இருந்தா இருந்துக்குவேன். குழு மட்டும்னா லாரன்ஸ் பாத்துக்குவான்.”

செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “கடைசிக் காட்சில அந்தப் பெரியவரோட பதிலை நான் எழுதலீங்க சார். வர மாட்டேங்குது. நீங்களே பாத்து ஏதாவது எழுதிக் குடுத்துருங்க.”

நான் ஒரு வசனமும் எழுதியவன் அல்லன். அது அவருக்கும் தெரியும்.

ஜனவரி 19

முக்கால்வாசி படித்துவிட்டேன். நாடகத்தின் பெயர் ‘திரைக்கு அந்தப் பக்கம்’. முழங்கால் வலிக்குச் சிகிச்சை பெற வரும் ஒரு பெரியவரும் ஓர் அம்மாளும். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், நடுவில் பச்சைத் துணித் திரை. முகம் பார்க்காமலே பேசிப் பழகுகிறார்கள். அவர் மனைவியை இழந்தவர். அந்த அம்மாள் கணவரைப் பிரிந்தவர். நகைச்சுவை நன்றாக வந்திருக்கிறது. “உங்க முட்டி சத்தம் போடுது, கதவு தட்டறாங்களோன்னு நினைச்சுட்டேன்” என்ற இடத்தில் நானே சிரித்தேன்.

இதுவரை இரண்டு கோடுகள்தான். சிகிச்சைக் கருவியின் பிளக்கைச் சுவரில் செருகாமலே இயக்குகிறார்கள். ஒரு மாத்திரையின் பெயர் தவறு.

ஜனவரி 20

கடைசிக் காட்சியைப் படித்தேன்.

மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். ஏணி ஏறக் கூடாது என்று அருள் சொல்லியிருக்கிறான். அவன் அலுவலகம் போயிருந்தான். குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அகராதிகளை அகர வரிசைப்படி அடுக்கினேன். ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன.

மறுபடி ஒரு முறை படித்தேன்.

ஜனவரி 21

காட்சி இதுதான். சிகிச்சை முடிந்து கடைசி நாள். அந்த அம்மாள் திரையை விலக்குகிறார். இருவரும் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அம்மாள் சொல்கிறார்: “எங்க வீட்டுல ரெண்டாவது ரூம் சும்மாதான் கெடக்குது. வந்து இருந்துக்கறீங்களா? கல்யாணம் காட்சியெல்லாம் வேண்டாம். காலைல பேப்பர் வந்தா ஒருத்தர் சத்தமாப் படிக்கோணும், இன்னொருத்தர் கேக்கோணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.”

அதன் கீழே ‘பெரியவர்:’ என்று எழுதி, பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்.

பதில் எழுதிப் பார்த்தேன். தனித் தாளில், மூன்று விதமாக. முதலாவது மிக நீளம். இரண்டாவது, கல்லூரி முதல்வருக்கு எழுதும் விண்ணப்பம் போல இருந்தது. மூன்றாவது ஒரே சொல். அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மாடியில் சுகந்தி நடக்கும் சத்தம் கேட்டது. தாளைக் கிழித்துவிட்டேன்.

நிதானமாக யோசித்தால் இந்தக் காட்சி நிற்காது. கோயம்புத்தூர் பெரிய ஊர்தான், ஆனால் தெரு சின்னது. அந்த மனிதர் இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் மகன் தெருவில் எப்படி நடப்பான்? மருமகளின் பிறந்த வீட்டார் என்ன சொல்வார்கள்? பழைய மாணவர்கள் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார்களா? இதையெல்லாம் யோசிக்காமல் ஒருவர் சரி என்று சொல்லிவிடுவார் என்பதைப் பார்வையாளர்கள் நம்ப மாட்டார்கள்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிரதியில் அந்தப் பெரியவருக்கு மகனும் இல்லை, மருமகளும் இல்லை. அவர் ஆசிரியரும் அல்லர், அஞ்சல் துறையில் இருந்தவர்.

இருந்தாலும் முடிவு சரிதான். காட்சியின் தொடக்கம் முதல் இறுதி வரை ஓரத்தில் ஒரே கோடாகப் போட்டேன். அளவுகோல் வைத்துப் போட்டேன்.

ஜனவரி 23

கோவை இராமநாதபுரத்தில் அம்மையார் வீட்டுக்குப் போய்ப் பிரதியைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மாத்திரைப் பெயரைப் பார்த்து, “அடடா, இதைத்தானே நானே தினம் முழுங்கறேன்” என்று சிரித்தார். கடைசிப் பக்கங்களுக்கு வந்தார்.

“முழுக் காட்சியுமா சார்?”

“ஆமாங்க.”

“காரணம் கேக்கறதில்லைங்கறது நம்ம ஏற்பாடு.” கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். “பதில் ஏதாவது எழுதிப் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க. சரியா வரலை.”

“எதா இருந்தாலும் பரவால்லீங்களே. வேண்டாம்ங்கறதும் ஒரு பதில்தானே.”

“ஜனங்க நம்ப மாட்டாங்க,” என்றேன்.

“எதை? அந்தம்மா கேக்கறதையா, அவரு சரிங்கறதையா?”

“ரெண்டையும்தானுங்க.”

அவர் அந்தத் தாள்களைக் கிளிப்பிலிருந்து உருவினார். எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தார்.

“சரிங்க சார். அப்ப திரை மூடியே இருக்கட்டும். அந்தம்மா டாக்டருக்கு நன்றி சொல்லிட்டுப் போயிடட்டும்.”

மொட்டை மாடியில் காய்த்த அவரைக்காயைப் பையில் போட்டுக் கொடுத்தார். பேருந்தில் இடம் கிடைத்தது. அவரைக்காய் பிஞ்சாக இருந்தது, சுகந்திக்குப் பிடித்தது.

பிப்ரவரி 4

ஒத்திகை தொடங்கிவிட்டது. வழக்கம்போல சிங்காநல்லூர் தையல் பயிற்சிக் கூடம். மாலையில் வகுப்பு முடிந்ததும் தையல் இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு இடம் பண்ணுகிறோம். வெட்டும் மேசைகள் இரண்டும் கட்டில்களாகிவிட்டன.

அந்த அம்மாளாக அம்மையாரே நடிக்கிறார். பெரியவராக லாரன்ஸ். பம்பு கம்பெனியில் வேலை, நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாது. ஒத்திகை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் ஆரம்பித்தான்.

“ஏனுங்க புரொபசர், நீங்கதான் கடைசி சீனைக் கத்தரிச்சீங்களாமா? இத்தனை பக்கம் மல்லாக்கப் படுத்துட்டே பேசறேன், கடைசில எந்திரிக்கவாவது ஒரு சான்ஸ் இருந்துது. அதையும் புடுங்கிட்டீங்க.”

“நம்பும்படியா இல்லை லாரன்ஸ்.”

“எது? ஒரு பொம்பளை வந்து ரூம் இருக்குது, சோறு இருக்குது, வாய்யான்னு கூப்புட்டா எந்த ஆம்பளை வேண்டாம்பான்? நானெல்லாம் செருப்புக்கூடப் போடாம ஓடிருவேன்.”

“உன்னைக் கூப்பிட யாரு இருக்கா?” என்றார் அம்மையார். “வீட்டுல மேரி கேட்டா கால ஒடச்சுப் போடுவா. அப்பறம் நெசமாவே முட்டி சிகிச்சைதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மையார் பச்சைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

பிப்ரவரி 11

காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்தாயிற்று. மில் தொழிலாளர் சங்க மண்டபம் உறுதி. நாற்காலிக்குச் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 16

அம்மையார் கூப்பிட்டிருந்தார். மெல்போர்ன் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும், தனக்கு ஆங்கிலப் படிவம் என்றால் தலைவலி என்றார். நாடகம் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரரோடு ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசியவர் அவர். நான் அதைச் சொல்லவில்லை.

காந்திபுரத்தில் ஒரு கணினி நிலையத்தில் உட்கார்ந்தோம். இந்த மாதிரி வேலை எனக்கு நன்றாக வரும். பிறந்த தேதி, கணவர் பெயர், பிரிந்த ஆண்டு எல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டினேன். அவர் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உண்டா என்று ஒரு கேள்வி வந்தது.

“ஆமாம்னு போடட்டுங்களா?” என்று கேட்டேன்.

“நீங்க என்ன போடறீங்களோ போடுங்க.”

“இது உங்க விருப்பமல்லவா?”

“என் விருப்பத்தை எழுதித்தான் குடுத்தேனே சார்.”

எதை எழுதிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கடைப் பையன் பின்னால் நின்றுகொண்டு, அடுத்தவங்க காத்திருக்காங்க என்றான்.

ஆமாம் என்று போட்டேன்.

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 25

காலையில் சுகந்தி துணி காயப்போட வந்தவள் நின்றாள்.

“மாமா, கோகிலாம்மா ஊரை விட்டே போறாங்களாமே?”

“ஆமாம்மா. மகளோட இருக்கறது நல்லதுதானே.”

“அவங்களுக்கு நல்லது. உங்களுக்கு?”

“எனக்கென்ன? குழுவை லாரன்ஸ் பாத்துக்குவான்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “நான் குழுவைக் கேக்கலீங்க மாமா. ஞாயித்துக்கிழமை ஒத்திகைன்னா வெள்ளிக்கிழமையே சட்டை தேய்க்கக் குடுக்கறீங்க. அவங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு ரசத்துல உப்பில்லைன்னாக்கூட ஒண்ணும் சொல்றதில்லை. நாங்க கண்ணை மூடிட்டா இருக்கறோம்?”

நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

“அவருகிட்டயும் பேசிட்டேன்,” என்றாள். அவர் என்றால் அருள். “‘அப்பா சந்தோஷமா இருந்தாச் சரி’ன்னுதான் சொன்னாரு. ஊர்க்காரங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஊர்க்காரங்களா வந்து உங்களுக்குக் காதுல சொட்டு மருந்து ஊத்தறாங்க?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைம்மா,” என்றேன். “நாங்க நாடக வேலை பாக்கறவங்க.”

“சரிங்க மாமா,” என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள். பாதிப் படியில் ஒரு முறை நின்றாள் என்று நினைக்கிறேன்.

இன்று முழுவதும் ஒரு விஷயம் உறுத்துகிறது. மகன், மருமகள், ஊர் என்று ஜனவரியில் காரணங்கள் எழுதியிருந்தேன். அவற்றில் இரண்டைச் சுகந்தி இன்று கழித்துவிட்டாள். மூன்றாவது அவ்வளவு வலுவானதல்ல. ஆனாலும் எனக்குள் எதுவும் அசையவில்லை. ஒரு வினைபடுபொருளை நீக்கியும் வினையின் வேகம் மாறவில்லை என்றால், அந்தப் பொருளுக்கு அந்த வினையில் பங்கே இல்லை என்றுதான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மார்ச் 9

நாடகம் நடந்தது. மண்டபம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. மைக் ஒன்று கரகரத்தது, மாற்றிவிட்டேன்.

நன்றாக வந்தது. முழங்கால் வசனங்களுக்கு மண்டபமே குலுங்கியது. அம்மையார் கட்டிலில் படுத்து, திரையைப் பார்த்தபடி, “அந்தப் பக்கம் இருக்கறீங்களா?” என்று கேட்கும் இடத்தில் சத்தமே இல்லை. முடிவில் அந்த அம்மாள் எழுந்து, திரை அருகே வந்து, கையை நீட்டி, பிறகு இறக்கிவிட்டு, டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். கை நீட்டுவது பிரதியில் இல்லை. ஒத்திகையிலும் செய்ததில்லை.

பிறகு எல்லோரும் மேடை விளிம்பில் உட்கார்ந்தார்கள். முதலில் வழக்கமான பாராட்டுகள். அப்புறம் நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அறுபது வயது இருக்கும். நூற்பாலையில் வேலை பார்த்தவராம்.

“ஏனுங்க, எல்லாஞ் சரி. அந்தம்மா ஏனுங்க திரையைத் தொறக்கல? இத்தனை நாள் பேசிப்போட்டு மூஞ்சியப் பாக்காம போவாங்களா?”

அம்மையார் மைக்கை எடுத்தார். “தொறக்கற மாதிரிதாங்க எழுதியிருந்தேன். எங்க தயாரிப்பாளர் சார், ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு சொன்னாரு. அவரு சொன்னா நாங்க மாத்தறதில்லை. அவரையே கேளுங்க.”

கீழே ஓரத்தில் நின்ற என்னிடம் மைக் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

“நம்ம சமூகச் சூழலில், அந்த வயதில், அப்படியொரு முடிவு யதார்த்தமாக இருக்காது என்று கருதினோம்,” என்றேன்.

“நாங்க நம்பியிருப்போமுங்க,” என்றார் அந்தப் பெண்.

லாரன்ஸ் சும்மா இருப்பானா? விளிம்பிலிருந்து குதித்து இறங்கி, “சரி, ஓட்டெடுத்துருவோம். அந்தம்மா திரையைத் தொறந்து, என்கூட வந்து இருந்துக்கறீங்களான்னு கேட்டு, அந்தாளு சரின்னு சொன்னா நம்புவீங்கங்கறவங்க கையத் தூக்குங்க,” என்றான்.

கைகள் எழுந்தன. முதலில் பெண்கள். பிறகு அவர்களோடு வந்த ஆண்கள். சுகந்தியும் அருளும் பின் வரிசையில் இருந்தார்கள், இரண்டு பேரும் தூக்கினார்கள். என் பழைய மாணவன் ஒருவன், இப்போது அவனே பேராசிரியர், அவனும் தூக்கினான். தூக்காதவர்கள் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அம்மையார் கைகளைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“புரொபசர் தோத்துட்டாரு,” என்றான் லாரன்ஸ். கைதட்டினார்கள்.

நாற்காலிகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஒன்று உடைந்திருந்தது.

மார்ச் 10

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 21

விசா வந்துவிட்டது என்று லாரன்ஸ் சொன்னான். ஏப்ரலில் பயணம். வீட்டுக்கும் ஆள் பார்த்துவிட்டாராம், அச்சாரம் மட்டும் இன்னும் வாங்கவில்லையாம்.

மார்ச் 24

இன்று ஒரு தீர்மானத்தோடு கிளம்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்தில் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் அந்தக் காட்சியைப் பற்றி. நான் தவறாகக் கணித்துவிட்டேன் என்று. பிறகு, அந்த வெற்றிடத்தில் எழுத ஒரு சொல் இருக்கிறது என்று. அந்தச் சொல்லை.

கதவு திறந்தே இருந்தது. கோகிலவாணி கூடத்தில் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை.

“வாங்க சார். நீங்களா வந்திருக்கறீங்க, அதுவும் சொல்லாம. ஏதாவது விஷயமா?”

“ஆமாங்க,” என்றேன்.

அவர் சுற்றிய பாத்திரத்தைக் கீழே வைத்தார். துண்டை அவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

இரண்டாவது அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே இரும்புக் கட்டில் ஒன்று. சன்னல் கிழக்குப் பார்த்தது. வெயில் தரையில் விழுந்திருந்தது. அந்த அறையை இத்தனை ஆண்டுகளில் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

“அந்தக் கட்டிலைக் கழட்டோணுங்களா?” என்று கேட்டேன். “ஸ்பேனர் இருந்தாக் குடுங்க. எனக்கு வரும்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்து வந்தார்.

நட்டுகள் துருப்பிடித்திருந்தன. தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றினேன். அவர் ஒரு பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கால்கள், சட்டங்கள் எல்லாவற்றையும் கயிற்றால் கட்டிச் சுவரில் சாய்த்து வைத்தேன். நட்டுகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி மேலே எழுதிவிட்டேன்.

“சாயங்காலம் வீடு வாங்கறவரு அச்சாரம் கொண்டு வர்றாரு,” என்றார். “வாங்கிக்கட்டுமா சார்?”

“நாள் நல்லா இருந்தா வாங்கிக்கலாமுங்க,” என்றேன்.

நான் நாள் பார்க்கிறவன் அல்லன்.

ஏப்ரல் 6

லாரன்ஸ் வீட்டில் குழுவினர் எல்லோரும் சேர்ந்து வழியனுப்பு விருந்து. மேரியின் பிரியாணி. கோகிலவாணி நிறையப் பேசினார், பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். என்னைப் பற்றிச் சொல்லும்போது, மைக்குக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்து காய்ச்சலில் படுத்தவர் என்றார். காய்ச்சல் வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

இன்று போனார்.

லாரன்ஸின் காரில் நாங்கள் மூவரும் விமான நிலையம் போனோம். கோகிலவாணி முன்னால், நான் பின்னால் பெட்டியோடு. வழியெல்லாம் லாரன்ஸ்தான் பேசினான். கங்காருவைப் பார்த்தால் தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான். வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான்.

தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றினேன். கனமானது கீழே, லேசானது மேலே. கடவுச்சீட்டு, டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கின்றன என்றார்.

“சார், ஒண்ணு கேக்கோணும். ஏற்பாட்டை மீறித்தான்.”

“கேளுங்க.”

“அந்தக் கடைசிக் காட்சியைப் படிச்சப்ப, அது நாடகத்துக்கு எழுதினது மட்டும் இல்லைன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

ஆட்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். என் இடது காதில் அது சரியாக விழவில்லை.

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த மனிதருக்குப் புரியவில்லை, மந்தம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டால் ஒருவர் நிம்மதியாக விமானம் ஏறலாம். புரிந்தும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார் என்று தெரிந்தால் அது அவ்வளவு தூரமும் கூடவே வரும். அவருக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. எனக்கு எது எளிதோ அதுவும் இதுவாகவே இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

“புரியலீங்க,” என்றேன். “அப்ப புரியலை. நாடகம்னுதான் நினைச்சேன்.”

குரல் ஒழுங்காக வந்தது. முகத்தையும் சரியாக வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

கோகிலவாணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

“நல்லா நடிக்கிறீங்க சார்,” என்றார். “இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒரு வேஷம் குடுக்காம விட்டுட்டேன் பாருங்க.”

என் கை மேல் ஒரு முறை கையை வைத்தார். முதல் முறை. வெயிலில் வந்த கை, சூடாக இருந்தது. உடனே எடுத்துவிட்டார். “காதுக்கு டாக்டரைப் பாருங்க. சுகந்திகிட்டச் சொல்லியிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். காவலர் சீட்டைப் பார்த்து உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய ஊதாப் புடவை கொஞ்ச தூரம் தெரிந்தது. ஒரு தூணருகே நின்றார். திரும்புவார் என்று நினைத்தேன். பையில் எதையோ தேடினார், அவ்வளவுதான். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

நான் வாசலை நோக்கி நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. காவலர் கையை நீட்டி மறித்தார்.

“நீங்களும் போறீங்களா பெரியவரே? டிக்கெட் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போறவங்களுக்கு வழி விடுங்க.”

தள்ளி நின்றேன்.